போன் போனாலும் படம் போகக்கூடாது: புகைப்பட பேக்கப்புக்கு எந்த கிளவுட்?

கேலரியைத் திறந்தால் படம் தெரிகிறது. அது கிளவுடில், அதாவது நிறுவனம் இணையத்தில் தரும் சேமிப்பிடத்தில், பத்திரமாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. கூகுள் போட்டோஸ் செயலியில் தெரியும் படம்கூட இன்னும் மேலே ஏறாமல் போனில் மட்டும் இருக்கலாம். போன் கிணற்றில் விழுந்த பிறகுதான் பலருக்கு இந்த வித்தியாசம் புரிகிறது.

எந்த நிறுவனம் எத்தனை ஜிபி இலவசமாகத் தருகிறது என்று ஒப்பிடுவதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. போன் தொலைந்த நாளில், சிம்மும் கையில் இல்லாத நிலையில், வேறொரு போனிலிருந்து உங்கள் படங்களை உங்களால் எடுக்க முடியுமா? அதை முதலில் கேளுங்கள். அதற்கு ஆம் என்று சொல்ல முடியாவிட்டால் 2 டிபி (ஒரு டிபி சுமார் 1,000 ஜிபி) வாங்கினாலும் பயனில்லை.

முதலில் கணக்கைக் கண்டுபிடியுங்கள்

நம் வீடுகளில் பாதிப் போன்களில் இருக்கும் ஜிமெயில் கணக்கு, போன் வாங்கிய அன்று கடைக்காரர் அவசரமாக உருவாக்கிக் கொடுத்தது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. மீட்பு எண்ணாக எது பதிவாகியிருக்கிறது என்பதும் தெரியாது. அந்தக் கணக்கில் பத்து வருடப் படங்களை ஏற்றுவது, சாவி இல்லாத பீரோவில் நகை வைப்பது போலத்தான்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் திறந்து கூகுள் பகுதிக்குப் போனால் எந்தக் கணக்கு இருக்கிறது என்று தெரியும். அங்கேயே கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தில் 'செக்யூரிட்டி' பகுதி இருக்கும். அதில் இவற்றைச் செய்யுங்கள்:

1. கடவுச்சொல்லை மாற்றி, புதியதை நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். போனுக்குள்ளேயே எழுதி வைத்தால் போனோடு அதுவும் போய்விடும்.
2. மீட்பு எண்ணாக உங்கள் எண்ணுக்குப் பதில், வீட்டில் இன்னொருவரின் எண்ணைக் கொடுங்கள். உங்கள் போன் தொலைந்தால் ஓடிபி உங்கள் எண்ணுக்குத்தான் போகும் என்பது எவ்வளவு விபரீதம் என்று யோசித்துப் பாருங்கள்.
3. கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, போன் இல்லாமல் உள்ளே போக உதவும் 'பேக்கப் கோட்ஸ்' எடுங்கள். கூகுள் பத்து எண்களைத் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் வேலை செய்யும். தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் உறையில் வைத்துவிடுங்கள்.

ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கில் 'டிரஸ்டட் போன் நம்பர்' என்ற இடத்தில் இரண்டாவது எண்ணைச் சேர்ப்பது இதற்கு இணையான வேலை. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் மீட்பு எண்ணாக இருந்தால் உடனே நீக்குங்கள். அந்த எண் சில மாதங்களில் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்விடும்.

ஒரே ஜிமெயிலை அம்மா, அப்பா, பிள்ளை மூவர் போனிலும் போட்டிருக்கிறீர்களா? மூவர் படமும் ஒரே குவியலாகும். ஒருவர் தன் போனில் அழித்தால் அடுத்தவர் படமும் போகும். ஆளுக்கொரு கணக்கு வேண்டும். இடத்தை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

எவ்வளவு இடம் தேவை?

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ் என்று போனால் 'போட்டோஸ்' எவ்வளவு எடுத்திருக்கிறது என்று தெரியும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் படம், வீடியோ இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

இனி கணக்கு. 12 மெகாபிக்சல் ஜேபெக் படம் ஒன்று சுமார் 3 முதல் 5 எம்பி. ஐபோன் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் பயன்படுத்தும் ஹெய்க் வடிவத்தில் அதில் ஏறக்குறைய பாதி. இடத்தைத் தின்பது வீடியோ. ஐபோன் கேமரா செட்டிங்ஸில் ஆப்பிளே சொல்லும் கணக்குப்படி, 1080பி வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி. 4கே என்றால் 170 எம்பி. 4கே 60 ஃபிரேம் என்றால் 400 எம்பி. இது சுருக்கமான 'ஹை எஃபிஷியன்சி' வடிவத்துக்கு. பழைய வடிவத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

உதாரணமாக 6,000 படம், ஒன்று 4 எம்பி என்று வைத்தால் 24 ஜிபி. 1080பி வீடியோ 100 நிமிடம், பழைய வடிவத்தில் நிமிடத்துக்கு 130 எம்பி என்றால் 13 ஜிபி. மொத்தம் 37 ஜிபி. இப்படி வரும் உங்கள் மொத்தத்தோடு, கடந்த ஒரு வருடத்தில் எடுத்த அளவைப் போல் மூன்று மடங்கைக் கூட்டுங்கள். அதுதான் நீங்கள் தேட வேண்டிய திட்டத்தின் அளவு. இன்றைய அளவுக்குச் சரியாக வாங்கினால் அடுத்த தீபாவளிக்குள் நிரம்பிவிடும்.

நகலா, கண்ணாடியா?

தேர்வில் மிக முக்கியமான வேறுபாடு இதுதான், விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. ஐகிளவுட் போட்டோஸ் ஒரு கண்ணாடி. போனில் இருப்பது அங்கே தெரியும். போனில் அழித்தால் அங்கேயும், ஐபாடிலும், மேக்கிலும் அழியும். 'ரீசன்ட்லி டெலிட்டட்' தொகுப்பில் 30 நாள் இருக்கும், பிறகு இல்லை.

கூகுள் போட்டோஸும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. அந்தச் செயலியில் சாதாரணமாக 'டெலிட்' கொடுத்தால் கிளவுடிலிருந்தும் போகும். மேலே ஏறிய படம் என்றால் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும்; ஏறாத படத்துக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால் மட்டும் போனிலிருப்பது போய், கிளவுடில் இருப்பது நிற்கும். போனில் இடம் நிறைந்தால் இந்த வழியில்தான் காலி செய்ய வேண்டும். இடம் போதவில்லை என்று அந்தச் செயலியிலேயே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அழிப்பவர்கள் கல்யாண ஆல்பத்தையே மேலிருந்தும் கீழிருந்தும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

யாருக்கு எது?

ஆண்ட்ராய்டு போன், தொழில்நுட்பத்தில் ஆர்வமில்லை, தேடினால் கிடைக்க வேண்டும்: கூகுள் போட்டோஸ். 15 ஜிபி இலவசம். ஆனால் அந்த 15 ஜிபி படத்துக்கு மட்டும் அல்ல. ஜிமெயில், டிரைவ், இப்போது ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் சாட் பேக்கப் எல்லாமே அதற்குள்தான். நிரம்பினால் படம் ஏறுவது நிற்பதோடு முடியாது. புது மின்னஞ்சலும் வராது. வங்கி அறிவிப்பும் வேலைக்கான நேர்முக அழைப்பும் வரும் அதே ஜிமெயில்தான் என்பதை நினைவில் வையுங்கள். வரம்பைத் தாண்டிய நிலையிலேயே இரண்டு வருடம் விட்டுவைத்தால் உள்ளடக்கத்தை நீக்கலாம் என்பதும் கூகுளின் விதி. கணக்கையே இரண்டு வருடம் திறக்காமல் விட்டாலும் அதே ஆபத்து.

ஐபோன் மட்டுமே வீட்டில் இருக்கிறது: ஐகிளவுட். 5 ஜிபி இலவசம் என்பது வேடிக்கைக்குத்தான். ஒரு சுற்றுலாவுக்குக்கூடப் போதாது. காசு கொடுக்கத் தயாராக இருந்தால் மட்டும் இது பொருந்தும். பின்னாளில் ஆண்ட்ராய்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் யோசியுங்கள். ஐகிளவுட் வலைத்தளத்தில் ஒரு தடவைக்கு 1,000 படம்தான் இறக்க முடியும். 20,000 படம் வைத்திருப்பவருக்கு அது இருபது தடவை வேலை.

வீட்டில் ஏற்கெனவே எக்செல், வேர்டுக்காக மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டுகிறீர்கள் என்றால் அதனுடனேயே ஒன்டிரைவில் 1 டிபி இருக்கிறது. பலர் அதைத் தொடாமலேயே கூகுளுக்கும் தனியாகப் பணம் கட்டுகிறார்கள். ஒன்டிரைவ் செயலியில் 'கேமரா பேக்கப்' இயக்கினால் போதும். முகத்தை வைத்துத் தேடுவதில் கூகுளுக்கு ஈடாகாது. படத்தைப் பத்திரமாக வைப்பதில் குறையில்லை.

நிறுவனமே படத்தைப் பார்க்க முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும் என்பவர்களுக்கு 'என்ட்டே' என்ற சேவை இருக்கிறது. படங்கள் போனிலேயே மறையாக்கம் ஆகித்தான் மேலே போகும். 10 ஜிபி இலவசம், மூலநிரலும் யாரும் பார்க்கும்படி திறந்தது. ஐகிளவுடிலும் 'அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்ஷன்' என்ற வசதியை இயக்கினால் இதே பாதுகாப்பு கிடைக்கும். இரண்டிலும் ஒரு நிபந்தனை: கடவுச்சொல்லையும் மீட்புச் சாவியையும் தொலைத்தால் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. என்ட்டேயின் மீட்புச் சாவி 24 சொற்கள். அதை எழுதி வைக்கும் பொறுமை இல்லாதவருக்கு இந்த வழி வேண்டாம்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் அமேசான் பிரைம் சந்தா உள்ளவர்களுக்கு அமேசான் போட்டோஸில் படங்களுக்கு வரம்பில்லாத இடம் உண்டு. வீடியோவுக்கு 5 ஜிபிதான். இந்தியாவில் பிரைமோடு இந்தச் சலுகை இல்லை. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இதைப் பரிந்துரைத்துவிட்டு அவர்கள் தேடித் தவிக்க வைக்காதீர்கள்.

'முழுக்க இலவசம், வாழ்நாள் முழுதும்' என்று வரும் விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கூகுளே 2015 முதல் வரம்பில்லாமல் கொடுத்ததை 2021 ஜூன் 1-இல் நிறுத்தியது. 1 டிபி இலவசமாகத் தந்த ஃப்ளிக்கர், 2018 நவம்பரில் அதை 1,000 படம் என்று குறைப்பதாக அறிவித்தது. கேனனின் இரிஸ்டா 2020 ஜனவரியோடு மூடப்பட்டது. அமேசான் டிரைவ் 2023 கடைசியில் நின்றது. இவ்வளவு பெரிய நிறுவனங்களாலேயே முடியாததை, நேற்று வந்த செயலி வாழ்நாள் முழுதும் எப்படித் தரும்?

விலை

இந்தியாவில் கூகுளின் கட்டணச் சேமிப்புத் திட்டமான கூகுள் ஒன் 100 ஜிபி மாதம் 130 ரூபாய் என்ற அளவில் இருந்துவருகிறது. வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ஏறக்குறைய இரண்டு மாதக் காசு மிச்சம். ஐகிளவுடில் 50 ஜிபி மாதம் 75 ரூபாய், 200 ஜிபி 219 ரூபாய் அளவில். விலை மாறும், வாங்கும் திரையில் தெரிவதையே நம்புங்கள். இரண்டிலும் குடும்பத்தில் மேலும் ஐந்து பேரோடு இடத்தைப் பகிரலாம். இடம்தான் பொது, படங்களை ஒருவருடையதை ஒருவர் பார்க்க முடியாது. ஆகவே ஒருவர் 200 ஜிபி வாங்கி அம்மா, அப்பாவைச் சேர்த்துக்கொள்வது, மூவரும் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு.

தானாகப் பணம் கட்டும் ஏற்பாடு சத்தமில்லாமல் நின்றுபோவதும் நடக்கும். கார்டு காலாவதியாகும், யூபிஐ ஆட்டோபே கணக்கில் பணம் இருக்காது, சந்தா கழன்றுவிடும். படம் உடனே அழியாது, ஆனால் அன்றிலிருந்து எடுப்பது எதுவும் ஏறாது. வருடச் சந்தா எடுத்தால் இந்தத் தொல்லை வருடத்துக்கு ஒருமுறைதான்.

கூகுள் போட்டோஸில் முதல் பேக்கப்

பெரும்பாலானோர் போவது இந்த வழி என்பதால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறோம்.

1. செயலியைத் திறந்து வலது மேல் மூலையில் உங்கள் முகப்புப் படத்தைத் தொடுங்கள். எந்த மின்னஞ்சல் தெரிகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு கணக்கு உள்ளவர்கள் தவறான கணக்கில் ஏற்றிவிட்டு, புது போனில் படத்தைக் காணோம் என்று பதறுவது வழக்கம்.

2. போட்டோஸ் செட்டிங்ஸில் 'பேக்கப்' இயக்குங்கள். ஐபோனாக இருந்தால் எல்லாப் படத்துக்கும் அனுமதி கொடுங்கள். 'லிமிடெட்' கொடுத்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த சில படம் மட்டுமே ஏறும்.

3. தரம் கேட்கும். 'ஒரிஜினல் குவாலிட்டி' எடுத்தது எடுத்தபடியே. 'ஸ்டோரேஜ் சேவர்' படத்தைச் சுருக்கும்: 16 மெகாபிக்சலுக்கு மேலிருந்தால் 16-க்கு, வீடியோ 1080பி-க்கு மேலிருந்தால் 1080பி-க்கு. கேமராவில் 50 அல்லது 200 மெகாபிக்சல் என்று எழுதியிருந்தாலும், வழக்கமான நிலையில் பெரும்பாலான போன்கள் நாலு புள்ளியையோ பதினாறு புள்ளியையோ ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் அளவிலேயே படம் எடுக்கின்றன. ஆகவே சாதாரணப் பயன்பாட்டுக்கு 'ஸ்டோரேஜ் சேவர்' போதும். 4கே வீடியோ எடுப்பவர்களும், எடிட் செய்து பெரிதாக அச்சிடுபவர்களும் 'ஒரிஜினல்' வையுங்கள். சுருக்கியதை மீண்டும் பழைய தரத்துக்குக் கொண்டுவர முடியாது.

4. மொபைல் டேட்டாவில் ஏற்ற வேண்டாம் என்பதே நல்லது. தினம் 1.5 ஜிபி டேட்டாவில் 37 ஜிபி ஏற, வேறெதற்கும் தொடாமல் இருந்தாலும் 25 நாள் ஆகும். வீட்டு பிராட்பேண்டில் மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் கிடைத்தால் சுமார் 8 மணி நேரம். இரவு சார்ஜரில் போட்டு, செயலியைத் திறந்தபடி வையுங்கள்.

5. 'பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் எந்தெந்த ஃபோல்டர் ஏறும் என்று பாருங்கள். கேமரா ஃபோல்டர் தானாக ஏறும். வாட்ஸ்அப் படங்கள் தானாக ஏறாது. எல்லாவற்றையும் இயக்கினால் காலை வணக்கம், பொங்கல் வாழ்த்து, மீம் என்று பாதி இடம் அதற்கே போகும். குழந்தையின் படங்கள் உறவினரிடமிருந்து வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன என்றால், குழுக்களுக்குத் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்திவிட்டு, பிறகு அந்த ஃபோல்டரை இயக்குங்கள்.

ஏறவில்லை என்றால்

ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் பேட்டரி மிச்சம் பிடிக்கப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடுவார்கள். செட்டிங்ஸில் கூகுள் போட்டோஸ் செயலியின் பேட்டரிப் பகுதியில் கட்டுப்பாடில்லாத நிலையைத் தேர்ந்தெடுங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' இருந்தால் அதையும் இயக்குங்கள். ஐபோனில் 'லோ பவர் மோட்' மஞ்சளாக இருந்தால் பின்னணி வேலை நிற்கும். அதே ஐபோனில், முழுப் படத்தை ஐகிளவுடில் வைத்து போனில் சிறிய நகலை மட்டும் வைக்கும் 'ஆப்டிமைஸ்' வசதியும் இயங்கினால் கூகுள் ஒவ்வொரு படத்தையும் முதலில் ஐகிளவுடிலிருந்து இறக்கித்தான் ஏற்ற வேண்டும், வேகம் ஆமையாகும்.

ஒரு படத்தின் மூலையில் கோடு போட்ட மேகம் தெரிந்தால் அது ஏறவில்லை என்று பொருள். பூட்டு ஃபோல்டர், பிரைவேட் ஆல்பம் போன்றவற்றில் வைத்தவை தாமாக ஏறுவதில்லை. கூகுளின் 'லாக்டு ஃபோல்டர்' பேக்கப்பைத் தனியாக இயக்காமல் செயலியை நீக்கினால் உள்ளே இருந்தவை திரும்பாது. ஆதார், பத்திரம் என்று முக்கியமானதை அதற்குள் போட்டுவிட்டு இழப்பது கொடுமை.

2021 ஜூன் 1-க்கு முன் 'ஹை குவாலிட்டி'யில் ('ஸ்டோரேஜ் சேவர்' என்பதன் பழைய பெயர்) ஏற்றியவை இன்றும் 15 ஜிபி கணக்கில் சேராது. இடம் சுத்தம் செய்கிறேன் என்று அவற்றை இறக்கி அழித்து மறுபடி ஏற்றாதீர்கள். ஏற்றிய கணமே கணக்கில் சேரும்.

சோதித்துப் பாருங்கள்

மேலே ஏறிவிட்டது என்று செயலி சொல்வதோடு நிற்காதீர்கள். வேறொருவரின் கணினியில் மறைநிலை உலாவியில் கூகுள் போட்டோஸ் தளத்தைத் திறந்து, நோட்டில் எழுதிய கடவுச்சொல்லாலும் ஒரு பேக்கப் கோடாலும் உள்ளே போங்கள். உங்கள் போனைத் தொடக்கூடாது, அதுதான் பரீட்சை. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு படம், நேற்றைய ஒரு படம், ஒரு வீடியோ ஆகியவற்றை இறக்குங்கள். வீடியோ கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். பயன்படுத்திய பேக்கப் கோட் எண்ணை நோட்டில் அடித்துவிட்டு, முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்.

இதற்குப் பிறகுதான் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுக்க வேண்டும்.

கிளவுட் ஒன்று மட்டும் போதுமா என்றால், போதாது. கணக்கே முடங்கினால் என்ன செய்வீர்கள்? வருடத்துக்கு ஒருமுறை 1 டிபி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கூகுளில் உங்கள் தரவை மொத்தமாக இறக்கித் தரும் 'டேக்அவுட்' பக்கத்தில் போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்து, ஜிப் அளவை 10 ஜிபி என்று வைத்தால் ஒவ்வொன்றாக இறக்க எளிது. இறக்குவதற்கான இணைப்பு ஏழு நாள்தான் செல்லும். ஜிப்பைப் பிரித்தால் படங்களோடு ஜேசன் என்ற சின்னக் கோப்புகளும் கிடக்கும். குப்பை என்று அழிக்காதீர்கள். நீங்கள் திருத்திய தேதியும் குறிப்பும் அதில்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப் படங்களில் எடுத்த தேதி உள்ளே இருக்காது. கோப்பின் பெயரில் வரும் எட்டு இலக்கம்தான் அது அனுப்பப்பட்ட நாளைச் சொல்லும். அந்தப் பெயரை மாற்றாதீர்கள்.

ஐபோனிலிருந்து கேபிளில் கணினிக்கு எடுப்பவர்கள் 'ஆப்டிமைஸ்' இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இயங்கினால் முழு அளவுப் படம் போனிலேயே இருக்காது. கேபிளில் வருவதும் முழுமையாக இருக்காது.

பழைய போனை விற்கும்போது

வரிசை மாறக்கூடாது. பேக்கப் முடிந்ததா என்று பாருங்கள். புது போனில் உள்ளே போய் படங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு பழைய போனில் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ நீக்கிவிட்டு, செட்டிங்ஸில் 'ஃபேக்டரி ரீசெட்' கொடுங்கள். கணக்கு உள்ளே இருக்கும்போதே, வாங்குபவர் பார்த்துவிடக் கூடாது என்று போட்டோஸ் செயலியில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த நிமிடம் புது போனிலும் எதுவும் இருக்காது. அப்படி ஆகிவிட்டால் கூகுளின் குப்பைத்தொட்டியில் 60 நாள், ஆப்பிளில் 30 நாள் அவகாசம் இருக்கிறது. அதைக் காலி செய்யாமல் உடனே 'ரீஸ்டோர்' கொடுங்கள்.